கயிற்றின் மறுமுனை

பரங்கிக்காயை முழுசாகவே வாங்கிக் கூடையில் வைத்துவிட்டு, சகாயமேரி கயிற்றை இரண்டு தடவை சுண்டினாள். மூன்றாவது மாடி பால்கனியில் நின்ற அவள் புருஷன் ஞானப்பிரகாசம் இழுக்கத் தொடங்கினார். பெரிய மார்க்கெட்டை ஒட்டிய அந்த ஹவுசிங் போர்டு குடியிருப்பில் லிஃப்ட் கிடையாது. மாரடைப்புக்குப் பிறகு படியேறக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால், கூடை இழுப்பது ஒன்றுதான் அவர் விட்டுக்கொடுக்காமல் வைத்திருந்த வேலை. கயிற்றை மணிக்கட்டில் சுற்றிக்கொண்டுதான் இழுப்பார்.

முதல் மாடியைத் தாண்டியதும் கூடை நின்றுவிட்டது.

“என்னங்க, ஒரு பரங்கிக்காய்க்கே மூச்சு வாங்குதா?” என்று கத்தினாள்.

காய்வண்டி ஏழுமலை சிரித்தான். “அண்ணனுக்குக் கொத்தமல்லிக் கட்டுதான்க்கா லாயக்கு.”

பதிலுக்கு மேலேயிருந்து வசவு வரவில்லை. கைப்பிடிச் சுவருக்கு மேல் அவர் தலையும் தெரியவில்லை. ஏழுமலை வண்டியை அப்படியே விட்டுவிட்டுப் படிக்கட்டுக்கு ஓடினான். அவள் கூடையையே பார்த்துக்கொண்டு நின்றாள். இரண்டாவது மாடி மும்தாஜ் ஜன்னல் கம்பி வழியாகக் கயிற்றைப் பிடிக்கக் கை நீட்டினாள்.

“தொடாத மும்தாஜ்! கயிறு விறைப்பா இருக்கு பாரு. அவருதான் புடிச்சிட்டிருக்காரு.”

மும்தாஜ் கையை உள்ளே இழுத்துக்கொண்டாள். தெருவே அண்ணாந்து நின்றது. “ஏங்க” என்று சகாயமேரி மறுபடி கூப்பிட்டது அவளுக்கே கேட்கவில்லை.

பால்கனியிலிருந்து ஏழுமலை எட்டிப் பார்த்தான். தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தான்.

கூடை ஓர் அங்குலம்கூட இறங்கவில்லை.