வில்லையில் இரண்டு வெட்டு

“யார் கேட்டாலும் என்ன பொடி சேர்த்தேன்னு சொல்லிடாதே. நெட்டை கேட்டாலும்தான்,” என்றார் கணவர், செருப்பை மாட்டியபடி.

“எனக்கு உப்புக்கும் சர்க்கரைக்குமே வித்தியாசம் தெரியாதுன்னு ஊரெல்லாம் சொல்றது நீங்கதானே. என்கிட்ட யார் கேக்கப்போறா?”

சிரித்துக்கொண்டே படியிறங்கினார். அன்று மத்தியானம் ஆய்வுக்கூட நாற்காலியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

ஒலியைவிடப் பல மடங்கு வேகத்தில் பறக்கும் விமானத்தின் இறக்கை விளிம்புக்கு அங்கே ஒரு பீங்கான் தேடிக்கொண்டிருந்தார்கள். அந்த வேகத்தில் உரசும் காற்றே நெருப்பாகிவிடும். இரும்பு உருகிவிடும், உருகாததையும் பிராணவாயு அரித்துத் தின்றுவிடும். அதைத் தாங்கி நிற்கும் பீங்கான் வில்லையை யார் செய்கிறாரோ, அந்தக் கலவைக்கு அவர் பெயர். பிள்ளையில்லாத வீட்டில் இனி மிஞ்சினால் அந்தப் பெயர் ஒன்றுதான் மிஞ்சும் என்று அவள் நினைத்தாள்.

நெட்டை, கணவரின் அடுத்த மேஜைக்காரன். துக்கம் விசாரிக்க வந்தவன் காபியைத் தொடவில்லை, அவள் முகத்தையும் பார்க்கவில்லை. அண்ணன் போடும் வெட்டு எவ்வளவு ஆழம் இருக்கும், அண்ணிக்குத் தெரியுமா என்று மட்டும் கேட்டான்.

தீயில் மையும் நிற்காது, பெயின்டும் நிற்காது. அதனால் அங்கே ஒவ்வொருவரும் தன் வில்லையின் விளிம்பில் தனக்கென்று ஓர் அடையாளம் வெட்டிவிடுவார்கள். கணவருக்கு இரண்டு வெட்டு. அதுவரை அவளுக்குத் தெரியும். ஆழம் தெரியாது என்று சொல்லி அனுப்பினாள்.

“துக்கம் கேக்க வந்தவன் ஆழம் கேக்கறானே,” என்றாள் தங்கை. “அடிமடியில கை வைக்கப் போறான். பாத்துக்கோ.”

சில நாள் கழித்து அவளே நெட்டைக்குப் போன் செய்தாள். எல்லாருடைய வில்லைகளையும் தீயில் சுட்டதில் ஒரே ஒரு வில்லைதான் நின்றது, நாளைக்கு ஆய்வுக்கூடத் தலைவர், பெரியவர், வந்து பார்ப்பார் என்றான் நெட்டை. யாருடையது என்று கேட்டாள். வேலை இருக்கிறது என்று வைத்துவிட்டான்.

மறுநாள் காலை, கணவரின் சாமான்களை எடுக்க வந்ததாகக் காவலாளியிடம் சொல்லிவிட்டு உள்ளே போனாள். அரைக்கும் சத்தம் கேட்டது. பீங்கானை அறுக்கும் வைரச் சக்கரத்தின் முன்னால் நெட்டை குனிந்திருந்தான். அவளைக் கண்டதும் எதையோ உள்ளங்கையால் மூடினான்.

“கையை எடுங்க தம்பி.”

எடுத்தான். கறுத்த வில்லை. விளிம்பில் இரண்டு வெட்டு.

“இது அவரோடது. மூணாவது ஒண்ணு போட்டு உங்களோடதா ஆக்கிக்கலாம்னு பாத்தீங்க, இல்ல? அவர் நாற்காலிச் சூடுகூட ஆறலையே தம்பி.”

அவன் சக்கரத்தை நிறுத்தினான்.

பெரியவரிடமே காட்டுவது என்று வில்லையைப் பிடுங்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் போனாள். வெளிச்சத்தில் அது பளபளத்தது. பிராணவாயுவை உள்ளே விடாமலிருக்க, சூட்டில் தானாகவே போர்த்திக்கொண்ட கண்ணாடித் தோல். முதல் வெட்டுக்குள்ளும் அந்தத் தோல் வழுவழுவென்று இறங்கியிருந்தது. கட்டைவிரலை இரண்டாவது வெட்டுக்கு நகர்த்தினாள். சொரசொரத்தது. தோலே இல்லை. விரலில் புதுத் தூள் ஒட்டியது.

தீக்குள் போனபோது அந்த வில்லைக்கு ஒரு வெட்டுதான் இருந்திருக்கிறது.

“ஒத்தை வெட்டு யாரோடது தம்பி?”

“என்னோடதுதான் அண்ணி,” என்றான் நெட்டை. “அண்ணனோடது மாவாப் போயிடுச்சு.”

போட்ட வெட்டை நிரப்ப வழியில்லை. அந்த வில்லையில் இன்றைக்கும் இரண்டுதான்.