மாமா கண்டுபிடித்த காரணங்கள்

"பயம்! முதல் காரணம் பயம். எழுதி வச்சுக்கோங்க நண்பர்களே!"

கைபேசியைக் கை நீளத்துக்கு நீட்டிப் பிடித்து நேரலையில் முழங்கிக்கொண்டிருந்தார் அர்லிண்டோ. அராயல் டோ காபோ என்ற கடற்கரை ஊரின் மருத்துவமனை நடைக்கூடம் அது. எதிரே மூடிய கதவுக்குப் பின்னால், இரும்புப் பீப்பாய் போன்ற அழுத்த அறைக்குள் படுத்திருந்தான் அவருடைய மாப்பிள்ளை ஜெனில்சன்.

காலையில் கடலுக்கடியில் மாமனாரோடு ஜோடியாக நீந்திக்கொண்டிருந்தவன், திடீரென்று ராக்கெட் மாதிரி மேலே பாய்ந்துவிட்டான். ஆழத்திலிருந்து அப்படிப் பாய்ந்தால் ரத்தத்தில் குமிழி கட்டிவிடும். சில சமயம் ஆளையே முடித்துவிடும். அந்தக் குமிழியைக் கரைக்கத்தான் இந்த அழுத்த அறை. ஜெனில்சன் தப்பித்துவிட்டான் என்று டாக்டர் சொன்னதுதான் தாமதம், அர்லிண்டோ கேமராவை ஆன் செய்துவிட்டார்.

அவர் சாதாரண ஆளில்லை. உலகத்தின் எந்தக் கடலில் எவன் மூழ்கினாலும், உடலைக் கரைக்குக் கொண்டுவருவதற்குள் காரணத்தைக் கொண்டுவந்துவிடுவார். அவர் சேனலை நாற்பதாயிரம் பேர் பார்க்கிறார்கள். இன்று காலைக்கு முன் அவர் கடலில் இறங்கி இருபது வருஷம் ஆகியிருந்தது என்பது அவர்களுக்குத் தெரியாது. தெரிந்தால்தான் என்ன? விபத்தை ஆராய நனைய வேண்டும் என்று சட்டமா இருக்கிறது?

"ரெண்டாவது காரணம், சிலிண்டர்ல கெட்ட காத்து!" என்று கேமராவை ஜுசாரா பக்கம் திருப்பினார். கடலடி நீச்சல் கடை வைத்திருப்பவள் அவள்தான். இருவரையும் படகில் அழைத்துப் போனவளும் அவள்தான்.

"ஐயா, அதே காத்தைத்தான் நீங்களும் இழுத்தீங்க."

"என் நுரையீரல் பழக்கப்பட்டது!"

"பேசிப் பேசியா?" என்றாள் அவர் மனைவி சுலேடி, பொரித்த பாஸ்டெல் பலகாரத்தைக் கடித்தபடி.

"மூணாவது, இதயம். மாப்பிள்ளைக்கு இதயம் வீக்கா இருந்திருக்கு."

"இருந்திருந்தா, உங்களை மாமனாரா பார்த்த அன்னைக்கே நின்னிருக்கும்ங்க."

அர்லிண்டோ கேமராவை மனைவியிடமிருந்து பத்திரமாக விலக்கிக்கொண்டார்.

"எல்லாத்துக்கும் மேல, இந்தம்மா குடுத்த பயிற்சி சரியில்லை. இன்னைக்கே துறைமுக அதிகாரிகிட்டப் புகார் குடுத்து இவ கடையை இழுத்து மூட வைக்கலைன்னா நான் அர்லிண்டோ இல்லை!"

ஜுசாராவுக்கு முகம் வெளுத்துவிட்டது. கடையும் படகும் தவிர அவளுக்கு வேறு பிழைப்பு கிடையாது. அந்த அதிகாரியும் அர்லிண்டோவின் சேனலைத் தவறாமல் பார்ப்பவர்.

"நீங்க அவர் பக்கத்துலதானே ஐயா இருந்தீங்க? என்னதான் நடந்தது?" என்று கேட்டாள்.

"கைக்கெட்டற தூரம்! மீன் பார்த்துக்கிட்டு நிம்மதியாப் போய்ட்டிருந்தோம். திடீர்னு என்னைப் பார்த்து விரலை வட்டமா மடக்கி..." குரலைத் தாழ்த்தினார். "நம்ம ஊர்ல தெருப்பொறுக்கிகூடப் பெரியவங்க முன்னாடி அதைக் காட்ட மாட்டான். மாமனாருக்கு மாப்பிள்ளை காட்டற சைகையா அது? ஆழத்துல நைட்ரஜன் போதை தலைக்கேறிடுச்சு. நாலாவது காரணம்!"

"ஐயா, அந்த வட்டம்..."

"குறுக்க பேசாதேம்மா. நான் கோவிச்சுக்கலை. பெருந்தன்மையா 'எல்லாம் நல்லா இருக்குப்பா'ன்னு பதில் சொன்னேன். அடுத்த நிமிஷம் ஆளைக் காணோம்!"

கதவு திறந்தது. சக்கர நாற்காலியில் வந்த ஜெனில்சன், மாமனாரைப் பார்த்ததும் அவர் கையைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதான்.

"மாமா! உயிரோட இருக்கீங்களா?"

"எனக்கென்னப்பா? நீ சொல்லு, ஊரே பார்க்குது. பயமா, காத்தா, இதயமா, போதையா?"

"ஒண்ணுமே இல்லை மாமா. ஜுசாரா அக்கா சொல்லிக்குடுத்த மாதிரி விரலை வட்டமா வச்சு 'நல்லா இருக்கீங்களா'ன்னு கேட்டேன். நீங்க 'மேல போ'ன்னு உத்தரவு போட்டுட்டீங்க. உலகத்து விபத்தையெல்லாம் கரைச்சுக் குடிச்சவரே சொல்றார்னா சுறாதான் வருதுன்னு நினைச்சேன். விழுந்தடிச்சு மேல வந்தேன். நீங்க பின்னாடி வரலை. எனக்காக உயிரையே குடுத்துட்டீங்கன்னு படகுல மயக்கம் போடற வரைக்கும் அழுதேன் மாமா!"

"நான் எங்கடா மேல போகச் சொன்னேன்? 'எல்லாம் நல்லா இருக்கு'ன்னுதானே சொன்னேன். இதோ, இப்படி!"

காபிக்காரரிலிருந்து பஸ் டிரைவர் வரை ஊரே நாளெல்லாம் காட்டுகிற மாதிரி, கட்டை விரலை நிமிர்த்திக் காட்டினார் அர்லிண்டோ.

"அதேதான் மாமா. தண்ணிக்குள்ள அதுக்கு 'மேல போ'ன்னுதான் அர்த்தம்."

"அஞ்சாவது காரணத்தையும் சொல்லிடுங்க," என்றாள் சுலேடி.

அர்லிண்டோ நிமிர்த்திய கட்டை விரலைச் சட்டென்று மடக்கிக்கொண்டார். நேரலை மட்டும் ஓடிக்கொண்டிருக்க, திரையின் அடியிலிருந்து, பார்ப்பவர்கள் அனுப்பிய ஆயிரக்கணக்கான கட்டை விரல்கள் குமிழி குமிழியாக மேலே போய்க்கொண்டிருந்தன.