ஐம்பத்தொரு வினாடி

நானூற்றுப் பன்னிரண்டு பொற்காசு.

மெஸ் அக்காவுக்கு அவன் தர வேண்டிய பாக்கி. திரையின் மூலையில் சிவப்பாக நிற்கிறது.

அக்காவின் தலையில் கொம்பு வைத்த இரும்புத் தொப்பி. தோளில் கரடித் தோல். வாசலுக்கு வெளியே பனி கொட்டுகிறது. "பாக்கி நிக்குதுல்ல, எப்பக் குடுப்பீங்க?" என்கிறாள். அவன் திரும்பி நடந்தாலும் முதுகுக்குப் பின்னால் சொல்கிறாள்.

கம்ப்யூட்டர் விளையாட்டுதான். ஆனாலும் உறைக்கிறது.

சேவ் பொத்தானை அழுத்தினான்.

வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது.

விரல் மடக்கி எண்ணினான். ஐம்பத்தொன்று.

மேசைக்குக் கீழே இருக்கும் யுபிஎஸ் கிழடு. கரண்ட் போனால் இருபது வினாடி தாங்கும். போன மாதம் பாதி சேவில் அணைந்துபோனது. பதினோரு நாள் ஆடியதெல்லாம் மண். பழைய சேவ் ஒன்று கிடந்ததால் பிழைத்தான்.

இன்று ஞாயிறு. திருப்பூர் வானம் காலையிலிருந்து மூடிக் கிடக்கிறது. விளக்கு இரண்டு தடவை மினுங்கிவிட்டது.

ஐம்பத்தொன்றை இருபதுக்குக் கீழே இறக்க வேண்டும். மழைக்கு முன்னால்.

ஆட்டத்தை மாற்ற யார் யாரோ செய்து சும்மா கொடுத்த ஒட்டுகளை, மோட்களை, அதற்குள் ஏற்றி வைத்திருந்தான். புல்லுக்கு ஒன்று, மழைக்கு ஒன்று, ஓநாய்க்கு ஒன்று. பனியன் கம்பெனிக் கிடங்கில் பண்டல் ஏற்றுகிறவன். ஏற்றிப் பழகிய கை.

புல்லை எடுத்தான். நாற்பத்தெட்டு.

மழையை எடுத்தான். நாற்பத்தைந்து.

ஓநாய்களை எடுத்தான். நாற்பத்து மூன்று.

மிச்சம் இருந்தது லூர்து செய்தது.

லூர்து இதே அறையில் கூட இருந்தவன். பன்னிரண்டு வயது இளையவன். ஆட்டத்தில் எல்லாரையும் தமிழில் பேச வைத்தது அவன்தான். விடுதிக்காரியை மெஸ் அக்கா ஆக்கியதும் அவன்தான். எழுத்து தெரியாத இவனுக்காக ஒரு பொத்தான் வைத்தான். வாசிக்க வராத சொல்லில் அதை அழுத்தினால் லூர்துவின் குரல் வந்து சொல்லும். சொல்லுக்கு ஒரு காசு அக்காவிடம் பற்று ஏறும். வாளைச் சுழற்றிச் சம்பாதித்த காசை அக்கா தொடமாட்டாள். குரலை மட்டும் கேட்டுச் சொல்லை விசைப்பலகையில் தப்பில்லாமல் அடித்தால்தான் ஒரு காசு கழியும்.

வாசிக்க வந்துவிட்டது. நாற்பத்தொரு வயதில் பஸ்ஸின் நெற்றியை வாசித்து ஏறினான்.

எழுத உட்காரவில்லை. வேலை முடிந்து வந்தால் தோள் விடாது. பாக்கி ஏறியது. ஒவ்வொரு சேவிலும் அந்த நானூற்றுப் பன்னிரண்டையும் குரலோடு முதலிலிருந்து எழுதிக்கொண்டிருந்தது மோட். தாமதம் அங்கேதான்.

லூர்துவுக்குப் போன் செய்தான். லூர்து இப்போது கோவையில், ஏசி ஆபீஸில்.

"அதயா இன்னும் வச்சிருக்கீங்க? தூக்கிப் போடுங்கண்ணே. நான் ஏதோ விளையாட்டாப் பண்ணது."

சரி என்றான்.

மோட்டின் பெயர்மேல் அம்புக்குறி நின்றது. பக்கத்தில் 'நீக்கு' என்று இருந்தது. அதையும் வாசித்தான்.

அம்புக்குறியை நகர்த்திவிட்டு மெஸ்ஸுக்குள் போனான்.

கேடயம். கணவாய். துரோகம்.

புதிதாக ஏறிய பாக்கி முதலில் வந்தது. விசைகளில் லூர்து வெட்டி ஒட்டிய காகித எழுத்துகள். ஒரு விரல் இறங்கினால் இரண்டு விசை அமுங்கியது. தப்பானால் அக்கா, "ப்ச், இது இல்ல" என்றாள். சரியானால் ஒன்றும் சொல்லவில்லை. சிவப்பு எண் ஒன்று குறைந்தது.

முந்நூறில் முப்பத்து மூன்று வினாடி.

எழுந்தான். கழுத்தைத் திருப்பினான். ஜன்னலுக்குப் போய்ப் பார்த்தான். உட்கார்ந்தான்.

இருநூறில் இருபத்து நான்கு.

வாளியில் சட்டைகள் ஊறிக்கொண்டிருந்தன. இடி கேட்டது. வேகமாக அடித்தான், அதனால் தப்பாக அடித்தான், அக்கா ப்ச் ப்ச் என்றாள்.

நூற்று நாற்பதில் சேவை அழுத்தினான்.

மின்விசிறி நின்றது.

யுபிஎஸ் கத்தத் தொடங்கியது. வட்டம் சுற்றியது. அவன் எண்ணினான். பதினாறு. பதினேழு. பதினெட்டில் வட்டம் மறைந்தது.

இருபதில் திரை அணைந்தது.

மழை.

ஒரு மணி நேரம் கழித்துக் கரண்ட் வந்தது. சேவ் திறந்தது. அதே மெஸ், அதே அக்கா. பாக்கி நூற்று நாற்பது. ஒரு சொல் சிந்தவில்லை.

போதும். இனி எந்த மழையும் ஒன்றும் செய்யாது. துணி துவைக்கப் போகலாம்.

அடுத்த சொல்லை அடித்தான்.

சாயங்காலம் ஒரு காசு மிச்சம் இருந்தது. முதல் நாள், முதல் சொல். ஊர் வாசலில் ஈட்டியோடு நின்ற ஒருவன் அவனிடம் கேட்ட கேள்வியில் இருந்தது.

"வழித்துணை" என்றது லூர்துவின் குரல். பின்னால் இந்த அறையின் மின்விசிறிச் சத்தம்.

அடித்தான்.

"ப்ச், இது இல்ல."

விரலைப் பார்த்து அடித்தான். ப்ச்.

எழுத்தெழுத்தாக வாய்விட்டுச் சொல்லி அடித்தான். ப்ச்.

வேர்த்தது. பற்றுப் பட்டியலைத் திறந்து, லூர்து அன்றைக்கு எப்படி எழுதி வைத்திருக்கிறான் என்று பார்த்தான்.

வழித்துனை.

இரண்டு சுழி. மூன்று சுழி வர வேண்டிய இடத்தில்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தான். இரண்டுதான்.

அன்றைக்கு இது பிழை என்று சொல்ல அறையில் ஆள் இல்லை.

சொற்கள் எந்தக் கோப்பில் இருக்கின்றன என்று அவனுக்குத் தெரியும். திருத்த ஒரு நிமிடம் ஆகாது. லூர்துவிடம் சொன்னால் சிரிப்பான்.

போனை எடுத்தான். வைத்தான்.

வ. ழி. த். து.

விரல் மூன்று சுழிமேல் போய் நின்றது. கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது. பிறகு நகர்ந்தது.

இரண்டு சுழி போட்டான்.

"பாக்கி ஒண்ணுமில்லண்ணே" என்றாள் மெஸ் அக்கா. "உக்காந்து சாப்பிடுங்க."