படி எந்தப் பக்கம்?

"இன்னும் கொஞ்சம் தள்ளி நில்லு. ஜன்னல் மறையுது. ம்… இப்போ லேசா சிரி."

மனைவி சிரித்தாள். கணவர் படம் எடுத்துவிட்டு, கேமராவை இறக்கி அந்தப் பழைய வீட்டை ஏற இறங்கப் பார்த்தார். மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த பெண் கைப்பிடியில் சாய்ந்து வேடிக்கை பார்த்தாள்.

"என்ன சார், இப்பதான் ஹனிமூனா?"

"ஆமாம்மா. அப்போ லீவு கிடைக்கல."

ஊர் ஊராகச் சொல்லிப் பழகிய பதில். கட்டடங்களைப் படம் எடுக்கிற கிறுக்கு என்று நினைத்தால் வாசலில் நிற்க விடுகிறார்கள். உண்மையைச் சொன்னால் கதவைச் சாத்துகிறார்கள்.

உண்மை மனைவியின் கைப்பையில், பிளாஸ்டிக் உறைக்குள் இருந்தது. ஊர் ஊராக மாற்றும் வேலையில் சேர்ந்த மகள் கடைசியாக அனுப்பிய படம். ஒரு வீட்டின் முன் நின்று, கையை நீட்டி அவளே எடுத்துக்கொண்டது. புது ரூம், அட்ரஸ் அப்புறம் அனுப்புகிறேன் என்றிருந்தாள். அட்ரஸ் வரவில்லை. அதற்குப் பிறகு அவள் போனும் எடுக்கவில்லை.

வேலையை விட்டுவிட்டாள் என்றது கம்பெனி. விவரம் தெரிந்த பெண், தானாக வருவாள் என்றது போலீஸ்.

மிச்சம் இருந்தது படம்தான். மகளுக்குப் பின்னால் கப்பலில் இருப்பதுபோல் ஒரு வட்ட ஜன்னல், அதற்கு வலப்பக்கம் வளைந்து ஏறும் இரும்புப் படி. அம்மா அதை எடுத்துப் பார்க்கும்போதெல்லாம் ஏதாவது குறை சொல்வாள். வகிட்டை மாற்றி எடுத்திருக்கிறாள், வாட்சை வேறு வலது கையில் கட்டியிருக்கிறாள் என்பாள். வெளியூர் போனால் ஸ்டைல் மாறாதா என்பார் அவர்.

முதலில் போன ஊரிலேயே ஒரு வட்ட ஜன்னல் வீடு கிடைத்தது. படத்தில் இருந்த அதே பச்சைச் சுவர், படிக் கைப்பிடியில் அதே பூவேலை. மனைவி அழைப்பு மணியில் கையே வைத்துவிட்டாள். அவர்தான் தடுத்தார். ஆயுள் முழுக்கக் கட்டட பிளான் வரைந்தவர்.

"படி இடப்பக்கம் இருக்கு பார். படி மாறினா பிளானே வேற. ஒரே மேஸ்திரி ரெண்டு வீடு கட்டியிருப்பான். இது அது இல்ல."

போன மாதம் வேறு ஊருக்குப் போகும் வழியில் பஸ் அந்தத் தெருவைக் கடந்தது. அந்த வட்ட ஜன்னல் வீடு இருந்த இடத்தில் தகரம் அடைத்த வெறும் மனை. இடித்த மண்ணை லாரியில் வாரிக்கொண்டிருந்தார்கள். குடியிருந்தவர்கள் எங்கே போனார்களோ. மனைவி அவர் தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். நாம் தேடும் வீடு இல்லையே என்று அவர் எழுப்பவில்லை. பிறகு சொல்லவும் இல்லை.

"இதுவும் இல்ல," என்றார் இப்போது. "ஜன்னல் சதுரம். படியும் இடப்பக்கம்."

அவள் தலையாட்டினாள். அடுத்து எங்கே என்று கேட்பதை எப்போதோ விட்டுவிட்டாள்.

மாடிப் பெண் தண்ணீரோடு இறங்கி வந்தாள். எப்போதும் அம்மாவையே நிற்க வைத்தால் எப்படி, சேர்ந்து ஒன்று இருக்கட்டும் என்று இருவருக்கும் நடுவில் புகுந்துகொண்டாள். கையை நீட்டி, தன் போனில் ஒரு படம் எடுத்து, பார்க்கச் சொல்லி மனைவியிடம் கொடுத்தாள்.

மனைவி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தாள். திரும்பி வீட்டைப் பார்த்தாள். மறுபடி போனைப் பார்த்தாள்.

"ஏம்மா, படி அந்தப் பக்கம்தானே இருக்கு. இதுல இந்தப் பக்கம் ஏறுது?"

"செல்ஃபி அப்படித்தாம்மா. கண்ணாடியில பார்க்கிற மாதிரி, எல்லாம் பக்கம் மாறி விழும்."

மனைவி கைப்பையைத் திறந்து, உறையிலிருந்து மகளை எடுத்தாள். வகிடு. வாட்ச். படி. ஒவ்வொன்றின் மேலும் விரலை வைத்துப் பார்த்தாள்.

அவர் கேமராவின் வாரைப் பிடித்தபடி கீழ்ப்படியில் உட்கார்ந்துவிட்டார்.

அவள் முகம் மலர்ந்திருந்தது. நெடுநாள் காணாத முகம். அவர் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள்.

"எழுந்திரிங்க. முதல்ல பார்த்தோமே, அந்த வீடுதாங்க. வாங்க, போலாம்."