கீரியின் முதல் பியானோ கச்சேரி

கீரிக்கு அன்றுதான் முதல் பியானோ கச்சேரி. வாசிக்கப்போவது மூன்று பாகம் கொண்ட பெரிய உருப்படி. நடுவில் கைதட்டுவது அநாகரிகம் என்று வாசலிலேயே சொல்லித்தான் எல்லோரையும் உள்ளே விட்டார்கள்.

மூன்று பாகத்தையும் முடித்துவிட்டுக் கையை எடுத்தது கீரி. அரங்கத்தில் ஒரு சத்தமில்லை. முடிந்துவிட்டதா என்று யாருக்கும் தெரியவில்லை. அவசரப்பட்டுத் தட்டிப் பட்டிக்காடு என்று பெயர் வாங்கவும் யாருக்கும் மனமில்லை. 'பிடிக்கவில்லை போலிருக்கிறதே!' என்று கீரி மறுபடி முதலிலிருந்து வாசித்தது. நாலாவது தடவை முடிப்பதற்குள் விரலெல்லாம் வீங்கிவிட்டது.

அது கையை எடுத்த நேரம் பார்த்து முன்வரிசை யானையை ஒரு கொசு கடித்தது. யானை காதால் படாரென்று அடித்தது. அவ்வளவுதான், அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது.

"எங்கே தட்டணும்னு உங்க ஒருத்தருக்குத்தான் தெரிஞ்சிருக்கு!" என்றது பக்கத்து நாற்காலிக் கொக்கு.

"எல்லாம் கேள்வி ஞானம்தான்" என்றது யானை.

அடிபடாமல் தப்பிய கொசுவைக் கீரி வாசலில் மடக்கியது.

"அக்கா, அடுத்த வாரம் பக்கத்து ஊர்ல வாசிக்கிறேன். நீங்க அவசியம் வரணும்."

"வரேன் தம்பி. ஆனா நோட்டீஸ்ல என் பேரு உன் பேருக்கு மேல இருக்கணும்."