மயில் நெற்றியில் பொட்டு

எரிகிற கற்பூரத்தை அணைத்துச் சொல்கிறேன், இதில் ஓர் எழுத்தும் பொய்யில்லை. இரண்டாந்தாரமாக வந்த சிதம்பரவடிவுக்கு அந்த நிலைக்கண்ணாடியைப் பார்த்தாலே வயிறு எரியும். மயில் தீட்டிய அதன் சட்டமெங்கும், செத்துப்போன மூத்தவள் ஒட்டியிருந்த ஸ்டிக்கர் பொட்டுகளின் பிசின் வட்டங்கள். வர்ணம் உரியாமல், தேங்காயெண்ணெய் நனைத்த துணியால் மெல்லத் தேய்த்தாள். வட்டங்களோ வழுக்கி வழுக்கிப்போய் மயிலின் நெற்றியில் உட்கார்ந்தன. பொட்டு வைத்த மயில் அவளைப் பார்த்துச் சிரித்தது.

“செத்தும் எடத்த விடமாட்டியாட்டி?”

“யார ஏசுத?” என்றான் கணவன் பேச்சிமுத்து.

“ஒங்க மகராசியத்தான்!”

“இன்னுங் கொஞ்சம் எண்ணெய் போடு, போயிரும்.”

“பிசினு போயிரும். ஒங்களுக்குள்ள ஒட்டிக் கெடக்காளே, அவ?”

பேச்சிமுத்து எண்ணெய்ப் புட்டியை அவள் பக்கம் நகர்த்தி வைத்தான்.

மூத்தவள் கண்ணாலும் கண்டிராத அந்தக் கண்ணாடி, சிதம்பரவடிவின் பிறந்த வீட்டிலிருந்து அவளோடு வண்டியேறி வந்தது.