மூன்று வித்தைக்காரன்

"குஸ்தி, சிலம்பம், பாக்ஸிங் மூணையும் கலந்து கத்துக்கிட்டா, எதிர்ல வெள்ளைக்கார சோல்ஜரே வந்தாலும் சமாளிப்பேன்" என்றான் ஆம்ப்ரோஸ்.

பட்டாளத்துக் குடியிருப்பை ஒட்டிய ஆஸ்டின் டவுன் காலைப் பனியில் மிதந்துகொண்டிருந்தது. மனைவி ஜெசிந்தா காபியை ஆற்றினாள்.

"உங்க குஸ்தி வாத்தியார், அந்த உஸ்தாத் என்ன சொல்றார்?"

"ஏதாவது ஒண்ணை மட்டும் கெட்டியாப் பிடிச்சுக்கோங்கறார். இன்னைக்கே முடிவு சொல்லணுமாம். இல்லேன்னா கோதாப் பக்கமே வரக்கூடாதாம்."

"அப்போ குஸ்தியைப் பிடிச்சுக்குங்க."

ஆம்ப்ரோஸ் சிரித்தான். "கோதாவுல பொம்பளைங்க காலே வைக்கக்கூடாது. ஒரு பிடிகூட பார்க்காத உனக்குக் குஸ்தியைப் பத்தி என்ன தெரியும்?"

"தெரியும். நேத்து உஸ்தாதுக்குத் தெரியாம சிலம்பம் சுத்தப் போனீங்கதானே?"

அவன் திகைத்துப்போனான். "யார் சொன்னது?"

"நீங்கதான், தூக்கத்துல. சிலம்பம் சுத்தின ராத்திரி கம்பளி சுழண்டு சுழண்டு பறக்குது, நான் குளிர்ல நடுங்கறேன். பாக்ஸிங் போட்ட ராத்திரி தலையணை பஞ்சு பஞ்சாப் போகுது."

"குஸ்தி போட்ட ராத்திரி?"

டம்ளரை அவன் கையில் கொடுத்துவிட்டு, ஜெசிந்தா முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"பிடிச்ச பிடியை விடியற வரைக்கும் விடறதே இல்லை."